ஏழில் இடிக்கிறது

மார்ச் 4, செவ்வாய்

முழங்காலுக்குத் தடவும் மருந்து தீர்ந்துவிட்டது. சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. மகனிடம் சொன்னால் "பாக்கறேம்மா" என்பான். ஊரில் இருக்கும் லிஃப்டையெல்லாம் ரிப்பேர் பார்க்கிறவனுக்கு வீட்டுக் குழாய் கண்ணில் படாது. எங்கள் கட்டடத்து லிஃப்டும் நின்றுபோய்த்தான் கிடக்கிறது. அது வேறு கம்பெனியாம், இவன் கை வைக்கக் கூடாதாம். நாலு மாடி ஏறி இறங்குவது என் முழங்கால்தானே, கம்பெனிக்கு என்ன.

பொடிசு ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு வந்து இறங்கினாள். என் பேத்தி. இருபத்தாறு வயது, வாசலில் குனிந்துதான் வருவாள், ஆனாலும் எனக்குப் பொடிசுதான். பல்கலைக்கழகத்தில் கணக்கு ஆராய்ச்சி. பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளும் படிப்பு. அதை விட்டுவிட்டேன் என்கிறாள். உள்ளறைக்குள் போனவள் போனவள்தான்.

காரணத்தை மருமகள்தான் சொன்னாள். ஏதோ ஒரு வகை எண் உலகத்தில் இருக்கிறதா இல்லையா என்பதுதான் அவளுடைய கேள்வியாம். மூன்று வருஷமாக அதைத் துரத்திக்கொண்டிருந்தாளாம். போன மாதம் வேறு நாட்டில் யாரோ ஒருத்தர் "இதோ இருக்கிறது" என்று எழுதிக் காட்டிவிட்டாராம். அவ்வளவுதான். இவள் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

அவள் டாக்டர் ஆகப்போகிறாள் என்று நான் இந்தக் கட்டடம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேனே. பால் போடுகிறவனுக்குக் கூடத் தெரியும்.

மார்ச் 5, புதன்

கதவு சாத்தியே இருக்கிறது. டீ உள்ளே போனது, கப் காலியாக வெளியே வந்தது. அதுவே பெரிசு.

மார்ச் 7, வெள்ளி

இவளுக்கு மேலே இருக்கும் பேராசிரியை மருமகளுக்குப் போன் செய்திருக்கிறார். மாசக் கடைசி வரைக்கும் இடத்தை வைத்திருப்பாராம். அதற்குள் திரும்பி வந்தால் சரி, இல்லாவிட்டால் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். "அவ வழியே வேற, விட்டுடாதீங்க" என்றாராம். வழியே வேற என்றால் என்ன என்று மருமகளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி முடித்து வந்த தூக்கக் கலக்கம் அவளுக்கு.

மகன் இன்னொரு பக்கம். அவன் சிநேகிதன் காப்பீட்டு ஆபீசில் பெரிய ஆள். ஒன்றாம் தேதி சேர்ந்துகொள்ளலாம் என்கிறானாம்.

"வேலைன்னு ஒண்ணு இருந்தா மனசு மாறிடும்மா" என்றான்.

"எதை விட்டு எங்கே மாறும்?" என்றேன். தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான்.

அவனுக்கும் வருத்தம்தான். எனக்குத் தெரியாதா. இவளுடைய முதல் பரிசுக் கோப்பையை டூல் பெட்டியில் வைத்துக்கொண்டு லிஃப்ட் லிஃப்டாகக் காட்டியவன் அவன்.

மார்ச் 9, ஞாயிறு

பேப்பரோடு வரும் ஞாயிறு இணைப்பில் கடைசிப் பக்கம் சின்னப் பிள்ளைகளுக்கானது. நான் முழுசாகப் படிப்பது அதைத்தான். எழுத்து பெரிதாக இருக்கும், பொய்யும் குறைவாக இருக்கும்.

இன்று ஒரு கணக்கு போட்டிருக்கிறார்கள். ஒன்று முதல் ஒன்பது வரை எல்லா இலக்கமும் ஒரு முறை வரவேண்டும், ஒரு முறைதான் வரவேண்டும். ஒன்பது இலக்கத்தில் ஒரு பெரிய எண். அதில் முதல் இரண்டு இலக்கத்தை மட்டும் எடுத்தால் இரண்டால் மீதியில்லாமல் வகுபடணும். முதல் மூன்றை எடுத்தால் மூன்றால். முதல் நாலை எடுத்தால் நாலால். இப்படியே முழு எண் ஒன்பதால். பூச்சியம் கூடாது.

முதலில் தலை சுற்றியது. பிறகு நான் வேலை பார்த்த பிஸ்கட் கம்பெனியை நினைத்துக்கொண்டேன், புரிந்துவிட்டது. பந்தியில் இரண்டு பேர் உட்கார்ந்தால் பிஸ்கட்டைச் சமமாகப் பிரிக்கலாம். மூன்றாவது ஆள் வருகிறார், எண்ணுக்குப் பின்னால் ஒரு இலக்கம் சேர்கிறது, இப்போதும் சமமாகப் பிரியணும். ஆள் வர வர இலக்கம் வர வர, ஒருத்தருக்கும் ஒரு துண்டு கூடவோ குறையவோ கூடாது. அதுதானே?

பாக்கிங் பிரிவில் இருந்தவளுக்கு இது தெரியாதா. ஆனால் எங்களுக்கு அங்கே மீதி வந்தால்தான் கொண்டாட்டம். பாக்கெட்டில் அடங்காத பிஸ்கட் எங்கள் டீக்கு. இங்கே மீதியே வரக் கூடாதாம். என்ன கஞ்சத்தனமான கணக்கு!

படியில் எதிர்வீட்டுத் தபால்காரரைப் பார்த்தேன். ரிட்டையர் ஆகி வருஷக்கணக்காகிறது, இன்னும் காக்கிச் சட்டைதான் போடுகிறார். அவர் கையிலும் அதே பக்கம்.

"பிஸ்கட்டம்மா, இது ஒம்பதாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு. அஞ்சாங்கிளாஸுக்குப் பக்கத்துல புள்ளி சேத்து படம் வரையறது இருக்கு, அதைப் போடுங்க."

"படத்தை நீங்க போடுங்கண்ணே. புள்ளியை மட்டும் பத்திரமா வேற வீட்டுல குடுத்துடாதீங்க."

சிரித்தார். ஆனால் பார்க்கலாம்.

மார்ச் 10, திங்கள்

போட்டேன்! ஒரே நாளில்!

கிழித்த காலண்டர் தாளுக்குப் பின்னால் வகுத்து வகுத்துப் பார்த்தேன். ரொம்ப அலையவில்லை. மேலிருந்து கீழே அப்படியே எழுதினேன். 987654321. தொண்ணூற்றெட்டு இரண்டால் போகிறது. 987 மூன்றால் போகிறது. 9876 நாலால். ஐந்து, ஆறு, எல்லாம் வழுக்கிக்கொண்டு போகிறது. எட்டாவதில் ஒரு வேடிக்கை. 98765432ஐ எட்டால் வகுத்தால் 12345679 வருகிறது. வரிசையாக வந்து நடுவில் எட்டை மட்டும் காணோம். தன் பங்கைத் தானே எடுத்துக்கொண்டு போய்விட்டது போல!

சாப்பாட்டு மேஜையில் சொன்னேன். மகன் "அட" என்றான். மருமகள், "அத்தை, நிஜமாவா? பேப்பர்காரனுக்கு அனுப்புங்க" என்றாள். நான் தபால்காரர் வீட்டுக்குப் போகச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

உள்ளறைக் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏழுல இடிக்குது."

அவ்வளவுதான். உள்ளறைக்குள் போனதிலிருந்து அவள் தானாக வாய் திறந்து சொன்னது இதுதான். மருமகள் கையில் கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

மார்ச் 11, செவ்வாய்

இடிக்கத்தான் செய்கிறது. 9876543, ஏழால் வகுத்தால் மீதி ஐந்து.

நேற்று ஏழைப் பார்க்காமலே விட்டிருக்கிறேன். இத்தனை சரியாக வருகிறதே, இது மட்டும் வராமலா போகும் என்று. கம்பெனியில் நாலு பிஸ்கட் பாக்கெட் உண்டு, ஆறு உண்டு, எட்டு, பன்னிரண்டு உண்டு. ஏழில் பாக்கெட்டே கிடையாது. வாழ்நாள் முழுக்க ஏழால் எதையும் வகுத்ததில்லை. ஏழாம் வாய்ப்பாடு நடுவில் ஓட்டையாக இருக்கிறது. ஏழெட்டு... விரல் விட்டு எண்ணவேண்டியிருக்கிறது.

ஐந்து பிஸ்கட் மீதி. அந்தக் காலமாக இருந்தால் ஆளுக்கொன்று.

இவ்வளவு கோபத்திலும் ஒன்று. கதவுக்குப் பின்னால் இருந்துகொண்டு, பேனா இல்லாமல், தாள் இல்லாமல், ஏழுல இடிக்குது என்று சொன்னாளே! எத்தனை நொடி ஆகியிருக்கும்? என் பேத்தி!

மார்ச் 13, வியாழன்

தாள்களைக் காந்தப் பொம்மை வைத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். எல்லாம் ஏழில் இடித்தவை. பொடிசு தண்ணீர் குடிக்க வந்தாள். பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு படித்தாள். தலை சீவி நாளாகிறது.

"பாட்டி, இப்படி ஒவ்வொண்ணா போட்டா அடுத்த ஜென்மம் வரைக்கும் போடணும்."

"எனக்கென்ன அவசரம்."

"அஞ்சாவது சீட்டுல யார் உக்காரணும்? அதையாவது யோசிச்சியா?"

போய்விட்டாள். பாட்டிலைத் திரும்ப வைக்கவில்லை.

அஞ்சாவது சீட்டு. அஞ்சால் வகுபடணும் என்றால் கடைசியில் பூச்சியம் இருக்கணும், இல்லை அஞ்சு இருக்கணும். பூச்சியம்தான் கிடையாதே. அப்போ அஞ்சாவது இடத்தில் அஞ்சேதான்!

இது எனக்கு ஏன் தோன்றவில்லை? அஞ்சு ரிசர்வேஷன் செய்து உட்கார்ந்திருக்கிறது, நான் அதை எழுப்பி எழுப்பி வேறு இடத்தில் உட்கார வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்புறம் குழம்பைத் தீய விட்டேன். ஏனென்றால் அடுத்ததும் தோன்றிவிட்டது. இரண்டு, நாலு, ஆறு, எட்டால் வகுபடணும் என்றால் அந்த இடங்களில் இரட்டைப்படைதான் வரமுடியும். இருப்பதே நாலு இரட்டைப்படை. சீட்டும் நாலு. ஒருத்தரும் இடம் மாற முடியாது. ஒற்றைப்படை எல்லாம் ஒற்றை சீட்டில். பஸ்ஸில் ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் மாதிரி.

மார்ச் 15, சனி

இன்று தப்புப் பண்ணிவிட்டேனோ.

பொடிசு மேஜைக்கு வந்து என்னோடு உட்கார்ந்தே டீ குடித்தாள். சீட்டு விஷயத்தைச் சொன்னேன். "ம், சரி" என்றாள். முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் கூட. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"நீயா இருந்தா இந்நேரம் கண்டுபிடிச்சிருப்ப இல்ல?"

"இதுல கண்டுபிடிக்க என்ன பாட்டி இருக்கு? எல்லாருக்கும் தெரிஞ்ச நம்பர். போன்ல தட்டினா வந்து நிக்கும்."

"அதனால?"

"அதனால ஒண்ணுமில்ல. வேற யாரோ போட்டு முடிச்ச கணக்கு. நீ போட்டாலும் போடலைன்னாலும் ஒண்ணுதான்."

எனக்குச் சுருக்கென்றது. "உலகத்துல எல்லாரும் டீ போட்டுக் குடிச்சாச்சு. அதுக்காக நான் போடாம இருக்கணுமா? நீ இப்ப குடிக்கறது என்ன?"

"டீ போட்டா டாக்டர் பட்டம் குடுக்க மாட்டாங்க பாட்டி! புதுசா இருக்கணும். அடுத்தவன் போட்டதை நான் போட்டா அதுக்குப் பேரு காப்பி."

கப்பை வைத்த வேகத்தில் டீ தாளெல்லாம் சிந்திவிட்டது. அழுதுகொண்டே உள்ளே போனாள். அவள் சொன்னது நியாயம்தான். எனக்குத்தான் பதில் தெரியவில்லை. தெரியாத இடத்தில் எதற்குப் பேசினேன்? கட்டடம் முழுக்கப் பீற்றிக்கொண்டதும் நான்தானே... நான் பீற்றிக்கொண்டது பொய்யாகக் கூடாது என்பதற்காக அவள் டாக்டர் ஆகணும் என்றால் எப்படி.

மார்ச் 16, ஞாயிறு

கதவு சாத்தி.

மகன் குழாயைச் சரிசெய்தான். இப்போது சொட்டுச் சத்தமும் இல்லாமல் வீடு என்னவோ போல இருக்கிறது.

மார்ச் 19, புதன்

தாளைக் கழற்றிவிடலாம் என்றுதான் போனேன். ஃபிரிட்ஜ் கதவில் புதுத்தாள் ஒன்று. அவள் கையெழுத்து. இரண்டே வரி.

"நாலாவது சீட்டுக்கு இரண்டும் ஆறும்தான் வரமுடியும். ஏன்?"

"மூன்றால் வகுபடுமா என்று பார்க்க இலக்கங்களைக் கூட்டிப் பார்."

பதில் எழுதவில்லை. கேள்விதான் எழுதியிருக்கிறாள். என்னை என்ன நினைத்திருக்கிறாள், பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டாளா?

ஆனால் உட்கார்ந்தேன். மத்தியானம் முழுக்க உட்கார்ந்தேன்.

மார்ச் 21, வெள்ளி

பத்து!

லட்சக்கணக்கில் இருந்தவை வடிகட்டி வடிகட்டிப் பத்தே பத்து எண்ணில் வந்து நிற்கின்றன. பாதி வழிக்கு மேல் பொடிசும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மன்னிப்பு அது இது என்று இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. "இந்த சீட்டுல நாலு வந்தா?" "வராது." "ஏன் வராது?" "கூட்டிப் பாரு." இவ்வளவுதான் பேச்சு. கையெழுத்து அவளுடையது கோழி கிளறினது போல. எழுதினது நான்.

இந்தப் பத்தும் இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, ஆறு, எட்டு, ஒன்பது எல்லாவற்றுக்கும் சரியாக இருக்கின்றன. அத்தனையும்! மிச்சம் ஏழு ஒன்றுதான். ஏழைத் தாண்டுகிறது எதுவோ அதுதான் விடை. என்னுடைய பழைய 987654321ம் அந்தப் பத்தில் இருக்கிறது. நான் ஒன்றும் அப்படியே குருட்டாம்போக்கில் போடவில்லை.

நாளை வகுக்க ஆரம்பிப்பேன். பொடிசு உதவி செய்கிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். ஏழாம் வாய்ப்பாட்டுக்கும் எனக்கும் பழைய கணக்கு பாக்கி.

மார்ச் 22, சனி

முதலில் 741258963. இதன் மேல் எனக்கு ஒரு கண். போன் பொத்தான்களில் விரலை வைத்துப் பார்த்தால் தெரியும். இடது வரிசையில் கீழிருந்து மேலே, நடு வரிசையில் மேலிருந்து கீழே, வலது வரிசையில் மறுபடி மேலே. பாம்பு போல நெளிந்து ஒரு பொத்தான் விடாமல் போகிறது. இவ்வளவு அழகான எண் விடையாக இல்லாமல் போகுமா?

மீதி இரண்டு. அழகு வேறு, கணக்கு வேறு போல.

அடுத்தது மீதி ஆறு. அடுத்தது ஐந்து. அடுத்தது இரண்டு. மற்றொன்று நாலு. பாதிக்கு மேல் போய்விட்டது. கை வலிக்கிறது என்று கொஞ்சம் நிறுத்தினேன். அப்போது மணி அடித்தது.

தபால்காரர். நாலு படிகூட இறங்காத மனுஷருக்கு மூச்சு வாங்குகிறது.

"பிஸ்கட்டம்மா! 381654729! எல்லாம் போகுது! ஏழும் போகுது!"

என் நெஞ்சில் யாரோ தண்ணீரைக் கொட்டினது போல இருந்தது. வகுத்துப் பார்த்தேன். 3816547. ஏழால் வகுத்தால் 545221. மீதி ஒன்றுமில்லை. சுத்தம்.

"எப்படிண்ணே பிடிச்சீங்க?"

"முந்நூத்தி எம்பத்தொண்ணாம் நம்பர் வீடு. நான் தபால் போட்ட பீட்ல. அந்த வீட்டு நாய் என்னைக் கடிச்ச தழும்பு இன்னும் காலுல இருக்கு. சரி, அந்த நம்பர் நமக்கு ஒரு கடன் பட்டிருக்குன்னு அதுல ஆரம்பிச்சேன். மிச்சத்தை மாத்தி மாத்திப் போட்டேன். வந்துடுச்சு!"

நாய்! நான் சீட்டு சீட்டாக உட்கார வைத்துப் பத்துக்குக் கொண்டுவந்து கையொடிய வகுத்துக்கொண்டிருக்கிறேன், இவருக்கு நாய் கடித்து விடை வந்திருக்கிறது! என் தாளில் எட்டாவது இடத்தில் அதே எண் இருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் நானே தொட்டிருப்பேன்.

பொடிசு கதவருகே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. போன மாதம் இவளுக்கு இப்படித்தான் இருந்திருக்கும். இதைப்போல ஆயிரம் மடங்கு.

தபால்காரருக்கு டீ கொடுத்து அனுப்பினேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன். மறந்தேன் என்றுதான் எழுதுகிறேன்.

மார்ச் 23, ஞாயிறு

காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னும் எதுக்கு பாட்டி?" என்றாள் பொடிசு. "அதான் விடை தெரிஞ்சுபோச்சே."

"அவர் ஒண்ணு பிடிச்சாரு. இன்னொண்ணு இருந்தா?"

உண்மையைச் சொன்னால் எனக்கு அது கோபம்தான். வேறொன்றும் இல்லை. பத்தில் இன்னும் மூன்று வகுக்காமல் கிடந்தது. அதில் ஒன்று ஏழைத் தாண்டினால் போதும், அதைத் தூக்கிக்கொண்டு போய் அவர் வாசலில் நின்று, "அண்ணே, உங்க நாய்க்கு ஒரு தம்பி இருக்கான்" என்று சொல்லணும். அந்த ஆசை.

183654729. மீதி ஆறு.

189654723. மீதி இரண்டு.

981654723. இரண்டு தரம் போட்டேன். மீதி ஆறு.

அவ்வளவுதான். முடிந்தது. இன்னொன்று இல்லை. பேனாவை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். வருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. என்னவோ ஒரு வீட்டில் எல்லா அறையிலும் விளக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வந்தது போல இருந்தது. யாரும் ஒளிந்திருக்கவில்லை.

"என்ன பாட்டி, தம்பி கிடைச்சானா?"

"கிடைக்கலை. ஆனா ஒண்ணுடி. அவருக்கு ஒண்ணு கிடைச்சுது. எனக்கு ஒண்ணுதான் உண்டுன்னு தெரிஞ்சுது. அது அவருக்குத் தெரியாது. நாய் அதைச் சொல்லாது."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஃபிரிட்ஜில் சாய்ந்துகொண்டு நின்றாள். கண் எங்கோ இருக்கிறது. "பாட்டி, மறுபடி சொல்லு" என்றாள்.

"நாய் சொல்லாது."

"அதுக்கு முந்தி."

சொன்னேன். தாளை எடுத்தாள். என் வகுத்தல் எல்லாவற்றையும், மீதி வந்ததையெல்லாம், ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஏன் பத்துதான், ஏன் பதினொன்று இல்லை என்று மேலே எழுதியிருந்ததையும் பார்த்தாள். அப்புறம் உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை.

மார்ச் 24, திங்கள்

வந்த அன்று பரண் மேல் தூக்கிப் போட்ட பெட்டியை மகனை விட்டு இறக்கச் சொன்னாள். தரையெல்லாம் தாள். நடக்க வழியில்லை. மருமகள் டியூட்டிக்குப் போகும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நுனிக்காலில் தாண்டிப் போனாள்.

மார்ச் 27, வியாழன்

பேராசிரியைக்குப் போன் போட்டாள். கதவு திறந்தே இருந்தது. நான் ஒட்டுக்கேட்கவில்லை, கறிகாய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"அவங்க ஒண்ணு இருக்குன்னு காட்டிட்டாங்க மேடம். ஆனா அது எப்படிக் கிடைச்சுதுன்னு பாத்தா, கொஞ்சம் அதிர்ஷ்டம்தான். வேற இருக்கா இல்லையான்னு அவங்க வழியில சொல்ல முடியாது. என்னோடது வடிகட்டற வழி. அதுல சொல்ல முடியும்னு தோணுது... இல்ல மேடம், நிச்சயமாத் தெரியாது. தோணுது... ஆமா. திங்கக்கிழமை வரேன்."

கத்திரிக்காயைத் தேவைக்கு மேல் நறுக்கிவிட்டேன்.

மகனிடம் அவளே போய்ச் சொன்னாள். அவன், "காப்பீட்டு ஆபீஸ்காரன்கிட்ட நான் என்ன சொல்றது?" என்றான். "பொண்ணு ஏழுல மாட்டிட்டு இருக்கா, தாண்டினதும் சொல்றேன்னு சொல்லுப்பா" என்றாள். சிரித்துவிட்டான். அவன் சிரித்து எத்தனை நாளாயிற்று.

மார்ச் 30, ஞாயிறு

கிளம்பிவிட்டாள். பெட்டியை மகன் தூக்கிக்கொண்டு நாலு மாடி இறங்கினான். லிஃப்ட் இன்னும் அப்படியே.

தபால்காரர் வாசலில் காத்துக்கொண்டிருந்தார். பத்து எண், ஒன்றுதான் விடை என்ற சமாசாரத்தை அன்றைக்கே பொடிசு அவரிடம் போட்டுக்கொடுத்துவிட்டாள். மனுஷர் ஒரு வாரமாக என்னைப் பார்த்தால் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார். இன்று ஒரு துண்டுத்தாளை நீட்டினார்.

3816547290.

"கடைசில ஒரு பூச்சியம் சேத்துருக்கேன். முழுசும் பத்தாலயும் போகுது. பாத்துக்குங்க."

"பூச்சியம் கூடாதுன்னு போட்டுருந்தாங்களே அண்ணே."

"அது பேப்பர்காரன் சட்டம். நான் ரிட்டையர் ஆயாச்சு."

பொடிசு அந்தத் துண்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். அவரிடம், "மாமா, அந்த நாய் இல்லேன்னா நான் திரும்பிப் போயிருக்க மாட்டேன்" என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் காக்கிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

என்னைக் கட்டிக்கொண்டபோது நான் அவள் தோள் உயரம்கூட இல்லை. "நீ சர்க்கரை போடாத டீ குடுத்தேன்னு மாமா எல்லாருக்கும் சொல்லிட்டாரு பாட்டி" என்று காதில் சொன்னாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பேப்பரில் விடை வந்திருக்கிறது. 381654729. எண்ணை மட்டும்தான் போட்டிருக்கிறார்கள். ஒன்றுதான் என்று போடவில்லை. பேப்பர்காரனுக்கும் தெரியாது போல.

ஜூன் 18, புதன்

பொடிசு போன் செய்தாள். சாப்பிட்டாயா, தூங்கினாயா, அவ்வளவுதான். குரல் கொஞ்சம் சோர்வாக இருந்தது. நானும் கேட்கவில்லை. ஏழாம் வாய்ப்பாட்டை அடி முதல் நுனி வரை அவளுக்கு ஒப்பித்தேன். ஏழெட்டு ஐம்பத்தாறு. ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

அக்டோபர் 11, சனி

லிஃப்ட் ஓடுகிறது! ஒருவழியாக அந்தக் கம்பெனிக்காரன் வந்தான். மகன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, வாயால் முழு லிஃப்டையும் ரிப்பேர் பார்த்தான்.

மத்தியானம் பொடிசு பேசினாள். பின்னால் யாரோ பேசுகிற சத்தம், நாற்காலி இழுக்கிற சத்தம். நாலைந்து பேர் சேர்ந்து அவளுடைய வழியில் வேலை பார்க்கிறார்களாம். முதலில் எழுதிக் காட்டினாரே வேறு நாட்டுக்காரர், அவரும் அதில் சேர்ந்துகொண்டாராம். அவரே கடிதம் போட்டுக் கேட்டாராம்! வீடியோவில் தினமும் சண்டை போட்டுக்கொள்கிறார்களாம்.

"எவ்வளவு தூரம் வந்துருக்கு?" என்று கேட்டேன்.

"ஏழுலதான் நிக்குது பாட்டி" என்றாள். அதைச் சொன்ன குரல் இருக்கிறதே... சின்ன வயதில் ஊஞ்சலில் இருந்துகொண்டு இன்னும் தள்ளு இன்னும் தள்ளு என்பாளே, அந்தக் குரல்.

சாயங்காலம் மருந்துக் கடைக்குப் போய்விட்டு வந்தேன். தபால்காரர் லிஃப்ட் கதவைக் காலால் தடுத்துக்கொண்டு எனக்காக நின்றார்.

"என்ன பிஸ்கட்டம்மா, பேத்தி டாக்டர் ஆயாச்சா?"

முன்பானால் ஏதாவது இட்டுக்கட்டிச் சொல்லியிருப்பேன்.

"ஏழுல நிக்கறாளாம்" என்றேன்.

நாலாம் நம்பர் பொத்தானை அமுக்கினார். லிஃப்ட் ஒரு குலுங்கு குலுங்கி மேலே ஏறியது.

"அப்ப சரி" என்றார். "அதைத் தாண்டிட்டா எட்டும் ஒம்பதும் தானா வரும்."